வெள்ளிமலை வளைவும் இருங்காட்டுக்கோட்டை வளைவும் ஒன்றா? தமிழ்நாட்டின் ரேஸ் டிராக் கதை

கச்சிராயபாளையத்தில் இருந்து கல்வராயன் மலை ஏறும் ரோடு. வளைவுக்கு மேல் வளைவு. கையில் பைக் இருந்தால் "ஒரு தடவை முறுக்கிப் பார்ப்போமா?" என்று எந்த இளைஞருக்கும் தோன்றும். ஆனால் அதற்கென்றே ஒரு இடம் தமிழ்நாட்டில் 30 வருஷங்களுக்கு மேலாக இருக்கிறது. அது எங்கே, அங்கே என்ன வித்தியாசம்? பார்க்கலாம்.

எப்படி ஆரம்பித்தது?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. சோழவரம் ரேஸ் என்றால் கூட்டம் அலைமோதும். ஆனால் ஓடுதளம் விமானத்துக்காகப் போட்டது, பந்தயத்துக்காக அல்ல. அதனால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக டிராக் கட்டியது. 1990-ல் அது திறக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

டிராக்கில் என்ன இருக்கு?

நீளம் 3.717 கிலோமீட்டர். மொத்தம் 12 வளைவுகள். கார், பைக் இரண்டுக்கும் தேசியப் போட்டிகள் இங்கே நடக்கின்றன. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன், அடுத்து வந்த சென்னையின் கருண் சந்தோக் என இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள் என்பது தற்செயல் இல்லை. பக்கத்திலேயே டிராக் இருந்ததும் ஒரு காரணம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கிறது.

மலை ரோட்டில் ஏன் கூடாது?

விஷயமே இங்கேதான். ரேஸ் ஓட்டுபவர் வளைவின் வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வருவார். ரோட்டின் முழு அகலமும் அவருக்கு வேண்டும். டிராக்கில் எல்லாரும் ஒரே திசையில் போவதால் அது முடியும். வெள்ளிமலை ரோட்டில் அதையே செய்தால், பாதி அகலம் எதிரே வரும் பஸ்ஸுக்குச் சொந்தம்!

தவறி விழுந்தாலும் டிராக்கில் ஓரத்தில் காலி இடம், ஜல்லி மண், டயர் சுவர் இருக்கும். முன்னால் விபத்து என்றால் மார்ஷல் மஞ்சள் கொடி காட்டுவார், சிவப்புக் கொடி காட்டினால் பந்தயமே நிற்கும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். மலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

அப்போ டிராக் முழு பாதுகாப்பா?

இல்லை. 2023 ஜனவரியில் 59 வயது அனுபவசாலி கார் பந்தய வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது பைக் வீரர் ஒருவரும் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த விபத்துகளில் உயிரிழந்தார்கள். சிறுவர்களை எந்த வயதில் எந்த பைக்கில் ஏற்றலாம் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. இத்தனை ஏற்பாடு உள்ள இடத்திலேயே உயிர் போகிறது என்றால், எதுவுமே இல்லாத ரோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி, அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி சிக்கினால் ஒரு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டியது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் பிரிவு 199ஏ-ன்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து.

ஆசை இருந்தால் என்ன வழி?

இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டி லைசென்ஸ் வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். செலவு பிடிக்கும் விளையாட்டுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே எதிரே பஸ் வராது.