சாமைக் கொல்லையில் ஒரே கால்

கண்ணமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியே எனக்கு ஓய்வு வயது வந்தது. பக்கத்து அமிர்தியில் விலங்குகளையும் அருவியையும் பார்க்க வருகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். சாலை அதோடு முடிவதில்லை. நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர் என்று ஜவ்வாது மலைமேல் ஏறிப் போகிறது. அந்த வழியில் ஏறிய ஆராய்ச்சிகளை என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். இங்கும் சொல்கிறேன்.

முதலில் கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தால் அதன் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் பற்றி இரத்தம் உறிஞ்சும், சோகை வரும். 1920களிலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் இதற்கெதிராக வேலை செய்தது. ஆனாலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையில் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 38 பேர் அளவில் கொக்கிப்புழு இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் புழுநீக்க மாத்திரை கொடுத்தால் போதுமா? பெரியவர்களின் குடலிலும் புழு இருக்கிறது; அவர்கள் மலத்தால் மண் மறுபடி கெடுகிறது. ஊருக்கே மாத்திரை கொடுத்தால் பரவல் நிற்குமா என்று பார்க்க பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் 'டிவார்ம்3' ஆய்வு நடந்தது. இந்தியாவில் அதற்கு எடுத்த இடங்கள் திமிரி சமவெளியும் நம் ஜவ்வாது மலையும். ஆண்டுக்கு இருமுறையாக மூன்று ஆண்டுகள் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார்கள்.

இரண்டாவது சாமை. இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சிட்டஞ்சாமை, பெருஞ்சாமை என்று தலைமுறை தலைமுறையாக விதை காத்து வந்தவர்கள். இந்தப் பயிரைக் கலப்பினம் செய்வது எத்தனை கடினம் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பூ மிகச் சிறியது. காலையில் சில நிமிடங்கள்தான் திறந்திருக்கும். அதற்குள் தன் மகரந்தமே தன்மேல் விழுந்துவிடும். அதனால்தான் வெகுகாலம் உள்ளூர் விதைகளிலிருந்து நல்ல கதிரைத் தெரிந்தெடுப்பதே வழியாக இருந்தது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் 2019இல் 'ஏ.டி.எல். 1' சாமையை வெளியிட்டது. கோ 4 என்ற சாமை ரகத்தோடு இன்னொரு சாமை வகையைக் கலந்து உருவாக்கிய ரகம் அது. பூவின் அளவை நினைத்துப் பார்த்தால், அந்த உழைப்புக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவதாக இப்போது செயற்கை நுண்ணறிவு. கொக்கிப்புழு முட்டையை நுண்ணோக்கியில் எண்ணும் முறையில் ஒரு தொல்லை உண்டு. மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி கிளிசரின் ஊறிய தாளால் மூடினால், ஒரு மணி நேரத்துக்குள் முட்டை கரைந்து மறையத் தொடங்கும். மலைக்கிராமத்திலிருந்து வேலூர் ஆய்வகத்துக்குத் தகடு போய்ச் சேருவதற்குள் ஆதாரமே அழிந்துவிடும். அதனால் மலத்தைக் கொண்டுபோய் அங்கே தகடு போட வேண்டும், அல்லது நுண்ணோக்கியை மலைக்கே கொண்டுவர வேண்டும். கென்யாவின் குவாலே பகுதியில், எடுத்துச் செல்லக்கூடிய கருவியால் தகட்டை உடனே படமெடுத்து, முட்டையைக் கணினியே அடையாளம் காணும்படி செய்து பார்த்திருக்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறென்ன?

இம்மலைப் பெண்ணுக்குப் புழு ஏறும் காலும் சாமைக்குக் களையெடுக்க நிற்கும் காலும் ஒன்றேதான். மருத்துவம், வேளாண்மை, கணினி என்று மூன்று துறைகளும் தனித்தனியாக அந்தப் பெண்ணிடம் வருகின்றன. அவள் உடம்போ ஒன்றுதான். இனி இந்த மலைக்கு மாதிரி எடுக்க வருவோரிடம் நான் கேட்பது இதுதான்: முடிவு வந்ததும் இன்னொரு முறை ஏறி வாருங்கள். ஊர்க்கூட்டத்தில் தமிழில், எண்களோடு அதைச் சொல்லுங்கள்.