டியான் சாண்டர்ஸ்

டியான் சாண்டர்ஸ் (பிறப்பு: ஆகஸ்ட் 9, 1967) அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் முன்னாள் தொழில்முறை வீரரும் கல்லூரி அணிப் பயிற்சியாளரும் ஆவார். 2020 இல் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும், 2022 டிசம்பரில் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். கறுப்பினத்தவருக்கென நிறுவப்பட்ட ஒரு கல்லூரியின் அணியை இவர் உயர்த்தியதும், பின்னர் அதிலிருந்து விலகியதும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின.

விளையாட்டு வாழ்க்கை

புளோரிடா மாநிலத்தின் போர்ட் மையர்சு நகரில் பிறந்த சாண்டர்ஸ், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியில் விளையாடினார். முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் இவ்விளையாட்டில், எறியப்படும் பந்தை எதிரணியினர் பிடிக்காமல் தடுக்கும் "கார்னர்பேக்" இவரது ஆட்டநிலை ஆகும். 1989 இல் அட்லாண்டா அணியில் சேர்ந்தார். சான் பிரான்சிசுகோ, டாலசு அணிகளுக்காக விளையாடி, ஒவ்வோர் அணியுடனும் ஒரு முறை சூப்பர் போல் கோப்பையை வென்றார். அடிபந்தாட்டத்திலும் (பேஸ்பால்) தொழில்முறை வீரராக விளங்கினார். சூப்பர் போல், அடிபந்தாட்ட உலகத் தொடர் ஆகிய இரண்டிலும் ஆடிய ஒரே வீரர் இவரே. 2011 இல் தொழில்முறைக் காற்பந்தாட்டப் புகழவையில் சேர்க்கப்பட்டார்.

கல்லூரிப் பயிற்சி

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் தங்கள் புதிய வீரர்களைப் பெரும்பாலும் கல்லூரி அணிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கின்றன. எனவே திறமை மிக்க பள்ளி மாணவர்களைத் தம் அணிக்கு ஈர்ப்பது கல்லூரிப் பயிற்சியாளரின் முக்கியப் பணியாகும். ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சி வருணனையாளராகப் பணியாற்றிய சாண்டர்ஸ், டெக்சசில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி அளித்தார். இடையில் விட்டிருந்த பட்டப்படிப்பை 2020 இல் நிறைவு செய்தார்.

ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகம்

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரிலுள்ள இப்பல்கலைக்கழகம் 1877 இல் தொடங்கப்பட்டது. தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், சிறந்த வீரர்கள் பலர் இத்தகைய கல்லூரிகளிலேயே உருவாயினர். இனப் பிரிவினை முடிவுக்கு வந்தபின், அவ்வீரர்கள் பணவசதி மிக்க பல்கலைக்கழகங்களுக்குச் செல்லத் தொடங்கினர்.

இப்போக்கை மாற்றப்போவதாகச் சாண்டர்ஸ் அறிவித்தார். நாட்டின் முதல்நிலைப் பள்ளி வீரராக மதிப்பிடப்பட்ட டிராவிஸ் ஹன்டர், 2021 டிசம்பரில் சாண்டர்சின் முன்னாள் கல்லூரியைத் தவிர்த்து ஜாக்சனைத் தேர்ந்தெடுத்தார். அதே ஆண்டில் இரத்தக்கட்டிகளால் சாண்டர்சின் இடக்காலில் இரு விரல்கள் அகற்றப்பட்டன. 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணி தன் மண்டலக் கோப்பையை வென்றது. எனினும் கறுப்பினக் கல்லூரிகளின் முதன்மைப் போட்டியான செலிபிரேசன் போல் ஆட்டத்தில் இரு முறையும் தோல்வியுற்றது.

கொலராடோ

2022 இல் கொலராடோ அணி 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்தது. பொறுப்பேற்ற சாண்டர்ஸ், பழைய வீரர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகக் கூறினார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விலகினர். ஹன்டரும் சாண்டர்சின் மகன் செடூரும் ஜாக்சனிலிருந்து இவருடன் வந்தனர். 2025 ஜூலையில், புற்றுநோயால் தம் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டதைச் சாண்டர்ஸ் அறிவித்தார்.

ஆட்ட முடிவுகள் (வெற்றி–தோல்வி)

ஜாக்சன்
2021 வசந்தகாலம்: 4–3
2021: 11–2
2022: 12–1

கொலராடோ
2023: 4–8
2024: 9–4
2025: 3–9

விவாதம்

ஜாக்சனில் சாண்டர்சின் ஊதியம் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர். கொலராடோ ஒப்பந்தமோ ஐந்தாண்டுகளுக்கு 2.95 கோடி டாலர். கறுப்பினக் கல்லூரிகளை மீட்பதாகச் சொன்னவர் மூன்றாண்டுகளுக்குள் விலகியது சரியன்று என்பது ஒரு சாராரின் கருத்து. உயர்ந்த வாய்ப்பை நாடுவது எந்தப் பயிற்சியாளருக்கும் இயல்பு என்றும், அக்கல்லூரிகளின் மீது நாட்டின் கவனத்தைத் திருப்பியவர் அவரே என்றும் மறுசாரார் கூறுகின்றனர். முன்னாள் தொழில்முறை வீரர்களான எடி ஜார்ஜ் (2021), மைக்கேல் விக், டிஷான் ஜாக்சன் (2024) ஆகியோரும் இத்தகைய கல்லூரிகளில் பயிற்சியாளர்களாக நியமிக்கப்பட்டனர்.

2024 டிசம்பர் 14 அன்று, கொலராடோ வீரராக ஹன்டர், கல்லூரிக் காற்பந்தாட்டத்தின் மிக உயரிய விருதான ஹைசுமன் விருதைப் பெற்றார். அதே நாளில் ஜாக்சன் அணி, தன் முன்னாள் மாணவரான டி. சி. டெய்லரின் பயிற்சியில், சாண்டர்ஸ் காலத்தில் கைநழுவிய செலிபிரேசன் போல் கோப்பையை வென்றது.