நான்காம் விதியும் மூன்று மணிப் பேருந்தும்

2011இல் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்த பகுதிநேர ஆய்வு. கொங்குப் பகுதிப் பஞ்சாலைகளில் பெண்களின் உழைப்பு என்பது தலைப்பு. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் கோவையில் இருந்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவேன். காலை ஆறரைக்குக் கிளம்பி, பொள்ளாச்சி வழியாக உக்கடம் இறங்கி, டவுன் பஸ் பிடித்து நூலக வாசலை மிதிக்கும்போது பத்து மணி ஆகியிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்துவிடுவேன். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான வாசிப்புக்கு ஏழு மணி நேரப் பயணம்.

நூலகம் மாலையிலும் திறந்துதான் இருந்தது. மூன்று மணிக்குக் கிளம்பு என்று எந்த விதியும் சொல்லவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள வந்துரு கண்ணு" என்று அத்தை சொன்னது மட்டும்தான். அதட்டலாகக்கூட அல்ல, அக்கறையாகத்தான் சொன்னார். என்னோடு பதிவு செய்த ஆண் நண்பர் ஒருவர் இரவு நூலகம் மூடும்வரை இருந்து, கிடைத்த பேருந்தில் ஏறி ஊர் திரும்புவார். இருவருக்கும் ஒரே உறுப்பினர் அட்டை, ஒரே கட்டணம், ஒரே புத்தகங்கள். ஆனால் அவருக்குக் கிடைத்த நூலகமும் எனக்குக் கிடைத்த நூலகமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை எங்கிருந்து புரிந்துகொள்வது என்று தேடியபோதுதான் எஸ். ஆர். இரங்கநாதனைப் படித்தேன்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்த இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் வகுப்புகளில் முதல் பாடம். புத்தகங்கள் பயன்படுத்தத்தான், பூட்டிவைக்க அல்ல என்பது முதல் விதி. அதை விளக்கும்போது நூலகம் அமைந்திருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், நாற்காலி மேசை, ஊழியர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. அங்கே ஆண், பெண் என்ற பிரிவினையையும் நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். பெண்ணுக்குப் புத்தகம் எதற்கு என்ற பழைய எண்ணத்தை அந்த விதி செல்லாததாக்குகிறது.

அந்த விதியின் பரவலான ஆங்கில வாசகம் ஒன்றில் வாசகரைச் சுட்டும் சொல் ஆண்பாலில் இருக்கிறது. தமிழில் 'அவர்' என்று எழுதிவிடுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 'அவர்' எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர் என்பது இரு மொழியிலும் தெரிவதில்லை.

இரங்கநாதனின் நூல் வருவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1929இல், வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென ஓர் அறை' வெளிவந்தது. அதில் ஒரு பெண் பல்கலைக்கழக நூலக வாசலில் தடுக்கப்படுகிறாள். கல்லூரியைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் உடன் வர வேண்டும், அல்லது அறிமுகக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். இங்கிலாந்தின் பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2014 நவம்பரில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் இதே கேள்வி எழுந்தது. அங்கே மகளிர் கல்லூரியின் இளநிலை மாணவிகளுக்கு மைய நூலகமான மௌலானா ஆசாத் நூலகத்தில் இடமில்லை. முதுநிலை மாணவிகளும் ஆய்வாளர்களும் போகலாம். இளநிலை மாணவர்கள், ஆண்களாக இருந்தால், போகலாம். மாணவிகள் அனுமதி கேட்டபோது, அவர்கள் வந்தால் பையன்களின் கூட்டம் பல மடங்கு பெருகும், இடம் போதாது என்று துணைவேந்தர் காரணம் சொன்னார். அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. அடுத்த ஆண்டு தில்லியில் விடுதி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்று இயக்கம் தொடங்கினார்கள். விடுதிக் கதவு மாலையில் பூட்டப்பட்டால், இரவு வரை திறந்திருக்கும் நூலகம் யாருக்காகத் திறந்திருக்கிறது என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று.

நம் பக்கத்தில் யாரும் நூலக வாசலில் நின்று தடுத்ததில்லை. இங்கே தூரம்தான் அந்த வேலையைச் செய்தது. பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் உருவாகும்வரை கோவை வட்டாரக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. உடுமலையில் படித்த பெண்ணுக்குத் 'தன்' பல்கலைக்கழக நூலகம் ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு அப்பால், மெரினா கடற்கரையில் இருந்தது. பிறகு அது கோவைக்கு வந்தது. 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் 1988இல் மகளிர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஐந்நூறு கிலோமீட்டர் எழுபதாகச் சுருங்கியது பெரிய மாற்றம்தான். ஆனாலும் அந்த எழுபதும் பகல் வெளிச்சத்துக்குள் கடந்தாக வேண்டிய எழுபது.

இங்கேதான் இரங்கநாதனின் நான்காம் விதி எனக்கு முக்கியமாகிறது. வாசகரின் நேரத்தைச் சேமி என்கிறது அது. இதற்கு அவர் காட்டும் வழி எளிமையானது. வாசகர் உள்ளே நுழையும் நொடியிலிருந்து வெளியேறும் நொடிவரை அவரைப் பின்தொடர்ந்து பாருங்கள், எங்கெங்கே நேரம் வீணாகிறது என்று கவனியுங்கள் என்கிறார். நான் கேட்பது ஒன்றுதான்: ஏன் நூலக வாசலில் தொடங்கி வாசலிலேயே முடிக்க வேண்டும்? பெண் வாசகரைப் பின்தொடர்வதானால் அவர் வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்க வேண்டும். காலைச் சமையல் முடியும் நேரம், பேருந்து நேரம், பொழுது சாயும் நேரம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் அந்த நூலகத்தின் பார்வைநூல் பிரிவில் இருந்த ஓர் அம்மா. பழைய ஆய்வேடுகளை இரவல் தர மாட்டார்கள். அடுக்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, அங்கேயே படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஏடு வந்து சேர்வதற்குள் என் நேரத்தில் ஒரு மணி போய்விடும். நான் ஏன் எப்போதும் மூன்று மணிக்கே ஓடுகிறேன் என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். "வெள்ளிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிடுங்க, எடுத்து வெச்சிடறேன்" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் போகும்போது மேசையில் மூன்று நான்கு ஆய்வேடுகள் காத்திருக்கும். கூடவே, நான் கேட்காத ஒன்றும் இருக்கும். ஆலைப் பெண்களின் மகப்பேற்று விடுப்பு பற்றிய ஓர் அத்தியாயத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். என் ஆய்வின் திசையே அதனால் மாறியது. அவரும் பேருந்து பிடித்து வீடு போகிறவர்தான். அதனால்தான் கேட்கத் தோன்றியதோ என்னவோ.

எங்கம்மா ஒருமுறை, "அந்தப் பொஸ்தகத்த வூட்டுக்கே எடுத்துட்டு வந்தா ஆகாதா?" என்று கேட்டார். ஆகாதும்மா என்றேன். பிறகு ஆனது. ஆய்வேடுகளின் மின்படியையும் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. அப்படிச் சேர்ந்தவை 'ஷோத்கங்கா' என்ற தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தன. 2010இல் தொடங்கிய 'என்-லிஸ்ட்' திட்டம் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு 6,000க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களைக் கொண்டுவந்தது. என் ஆய்வின் கடைசி ஆண்டில், பாத்திரம் கழுவி முடித்த இரவு பத்து மணிக்கு, வேறு மாநிலத்து ஆய்வேடு ஒன்றை என் அடுப்படி மேடையில் வைத்துப் படித்தேன். அம்மாவின் கேள்விக்கு ஒரு நாடே சேர்ந்து பதில் சொன்னதுபோல் இருந்தது.

ஆனால் இதிலும் வாசல்கள் உண்டு. என்-லிஸ்டுக்குள் நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் கல்லூரி நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம். 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஆனால் முதல் கட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டுமே. கொங்கு மண்டலத்தில் நம் பெண்களில் ஏராளமானோர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். வீட்டிலிருந்து நடந்தோ கல்லூரி வேனிலோ போய்வரலாம் என்றுதான் அவர்களை அங்கே சேர்க்கிறார்கள். பாதுகாப்பு என்று வீடு தேர்ந்தெடுத்த கல்லூரியே அவர்களை அந்த 13,000 இதழ்களுக்கு வெளியே நிறுத்துகிறது.

2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உடுமலையிலிருந்து கோவை போகும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. இப்போது நான் நெறிப்படுத்தும் மாணவி வாராவாரம் போக முடியாமல் மாதம் ஒருமுறைதான் போகிறாள். தலைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவளிடம் நான் கேட்டது, "உன் பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்பதுதான். பல்கலைக்கழக நூலகங்களும் இதைக் கேட்கலாம். முன்கூட்டிச் சொன்னால் ஆய்வேட்டை எடுத்துவைக்கலாம். வெளியிலிருந்து நுழையும் கடவுச்சொல்லைச் சேர்க்கை நாளிலேயே கையில் கொடுக்கலாம். இணைப்புக் கல்லூரி மாணவி கேட்கும் கட்டுரையை அவள் கல்லூரிக்கே அனுப்பிவைக்கலாம். எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.

"மூணு மணிக்குங்க மேடம்" என்றாள் அவள்.