மையவிலக்குப் பம்பில் அழுத்தத் துடிப்பு

மையவிலக்குப் பம்பினுள் நீரழுத்தம் சீராக நிற்காமல் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும் நிலை. அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றாலும் உள்ளே கதை வேறு.

தகடுகள் கொண்ட சுழல் சக்கரமான இம்பெல்லரை விட்டு வெளியேறும் நீர் எங்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் வேகம் குறைந்த ஒரு தடம் விழுகிறது. இம்பெல்லரைச் சூழ்ந்த சுருள் உறையில், வெளியேறு வாயருகே நீட்டிய விளிம்பே நாக்கு. தகடு அந்த நாக்கைக் கடக்கும்போது அந்தத் தடம் நாக்கில் மோதி அழுத்த அலையை எழுப்புகிறது. நிமிடத்துக்கு 2,900 சுற்று, 6 தகடு என்றால் நொடிக்கு 290 துடிப்பு. பம்பு அறையின் ரீங்காரத்தில் இதற்கும் பங்குண்டு.

இம்பெல்லருக்கும் நாக்குக்கும் உள்ள இடைவெளியே இதில் முக்கியம். அது குறுகினால் திறன் சற்றுக் கூடலாம், துடிப்போ பன்மடங்காகும். இம்பெல்லர் தகடுகளின் நுனியைக் கடைந்து குறைப்பதும் நாக்கைத் தேய்த்துப் பின்தள்ளுவதும் பழைய, இன்றும் பலிக்கும் வைத்தியங்கள். இரட்டைச் சுருள் உறையில் 6 தகடு இருந்தால் எதிரெதிரான இரு நாக்குகளையும் தகடுகள் ஒரே கணத்தில் கடக்கும். 5 அல்லது 7 என்றால் துடிப்புகள் மாறி மாறி விழும்.

வால்வை ஒடுக்கி, வடிவமைத்த அளவைவிட வெகு குறைவாக இறைத்தால் நிலைமை மோசம். நீர் நாக்கைத் தவறான கோணத்தில் அடைகிறது. உறிஞ்சு வாயில் ஒரு பகுதி திரும்பிச் சுழல்கிறது. அப்போது எழும் ஒழுங்கற்ற அதிர்வு பேரிங்கையும் தண்டின் சீலையும் தின்னும்.