வாத்துக் குஞ்சு நடக்க முடியாம தவிக்குதா? முதல்ல தீவனத்தைப் பாருங்க!

நேற்று வரை ஓடித் திரிந்த வாத்துக் குஞ்சு, இன்று எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே நகருதா? கால் வளைந்து, மூட்டு வீங்கியிருந்தால் நியாசின் எனும் வைட்டமின் பி3 குறைபாடாக இருக்கலாம்.

கோழிக்குஞ்சு தீவனத்தையே வாத்துக்கும் போடுவதுதான் பல வீடுகளில் சிக்கல். ஒரு கிலோ தீவனத்தில் கோழிக்குஞ்சுக்கு 27 முதல் 35 மில்லிகிராம் நியாசின் போதும். வாத்துக் குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் வேணும். உடம்புக்குள்ளேயே நியாசினைத் தயாரிக்கும் திறன் வாத்துக்கு ரொம்பக் குறைவு. மக்காச்சோளம், தவிடு கொடுத்தும் பெரிய பயனில்லை. அதிலுள்ள நியாசின் பெரும்பாலும் உடம்பில் சேராத வடிவில்தான் இருக்கு.

ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுக்கலாம். பிரெட்டுக்குப் போடும் ஈஸ்ட் வேண்டாம். குஞ்சு நடக்கவே முடியலன்னா, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு நியாசினைத் தண்ணீரில் கலந்து கொடுங்க. தீவனமும் தண்ணீரும் வாய்க்கு எட்டுற தூரத்தில் இருக்கணும், இல்லன்னா பட்டினியிலேயே செத்துடும். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் தேறிடும். எலும்பு கோணலாகவே வளர்ந்துவிட்டால் கால் நேராவது கஷ்டம்.

கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தால் அது வேறு பிரச்சினை. வழுக்கும் செய்தித்தாளை எடுத்துட்டு சாக்கு விரிங்க.