வேலிக்கு வெளியே இருந்த பட்டறைகள்: பினாங்குச் சிறு உற்பத்தியாளர் உலகச் சந்தையை எட்டிய வரலாறு

பினாங்கு கப்பலை நம்பி வாழ்ந்த ஊர். தீர்வையில்லாத் துறைமுகம் என்னும் நெடுங்காலத் தகுதியை அது 1960களின் இறுதியில் இழந்தபோது, துறைமுகத்தைச் சார்ந்திருந்த வாணிபமும் கைத்தொழிலும் தளர்ந்தன. வேலை தேடுவோர் பெருகினர். 1969ஆம் ஆண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற லிம் சோங் இயூ, அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிற்று. நெல்வயலாக இருந்த நிலத்தில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவிற்கு வெளியே தனது முதல் ஆலையை அமைத்தது. ஹியூலெட்-பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி முதலியனவும் வந்தன. இக்கதை பலமுறை சொல்லப்பட்டதே. நாம் இங்கு ஆராயப் புகுவது, அவ்வட்டாரத்தின் வேலிக்கு வெளியே இருந்த சிறு பட்டறைகளின் கதையை.

வேலி என்பது வெறும் உவமையன்று. சுதந்திர வர்த்தக வட்டாரம் சுங்க எல்லைக்குப் புறம்பானது. அயல்நாட்டு உதிரிப்பாகம் அதனுள் தீர்வையின்றி நுழையும். சில கல் தொலைவிலுள்ள உள்ளூர்ப் பட்டறையோ, தீர்வை செலுத்தி எஃகை வாங்கிப் பாகத்தைச் செய்து, அதனை ஏற்றுமதிப் பொருள்போல் ஆவணங்களுடன் உள்ளே அனுப்புதல் வேண்டும். கணக்கெழுத ஓர் எழுத்தரைக்கூட வைத்துக்கொள்ள இயலாத பட்டறை உரிமையாளர்க்கு இது சிறு தடையன்று. மேலும், இப்பட்டறைகள் அதுவரை செய்துவந்தவை ஈயச் சுரங்கத்திற்கும் தோட்டத்திற்கும் மீன்பிடிப் படகிற்கும் வேண்டிய பழுதுபார்ப்பு வேலைகள். கை பழகிய வேலை. கண்ணால் அளந்த வேலை. ஆகவே, முதல் சில ஆண்டுகளில் ஆலைகள் உள்ளூரிலிருந்து வாங்கியவற்றுள் பெரும்பகுதி அட்டைப்பெட்டியும் உணவும் போக்குவரத்துமே.

சிறுதொழிலின் குறை பணக்குறை என்றே அக்காலத்தில் பெரிதும் கருதப்பட்டது. 1972இல் தொடங்கப்பெற்ற கடன் உத்தரவாதக் கழகம், பிணைப்பொருள் இல்லாதோர்க்கும் வங்கிக் கடன் கிட்டச் செய்தது. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கடன் ஒரு கடைசல் இயந்திரத்தை வாங்கித் தரும். அதில் எதனைக் கடைய வேண்டும், எவ்வளவு நுட்பமாகக் கடைய வேண்டும், கடைந்ததை யார் வாங்குவார் என்பவற்றை அது சொல்லித்தராது.

அவற்றைச் சொல்லித்தந்தவர் வாங்குவோரே. தொடக்கத்தில் சில்லுகளுக்குப் பொன்கம்பி பொருத்தும் வேலையை இளம்பெண்கள் நுண்பெருக்கியில் கண் பதித்துக் கையாலேயே செய்தனர். 1970களின் இறுதி முதல் அவ்வேலை படிப்படியாக இயந்திரத்திற்கு மாறிற்று. இயந்திரம் வந்தால் அதற்குத் துணைக்கருவிகளும் வேண்டும். பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம் (பட்டறைக்காரர் அதனை ‘ஜிக்’ என்பர்), வெட்டும் அச்சு, தேய்ந்துபோகும் சிறு உறுப்புகள் ஆகியவற்றை அமெரிக்காவிலிருந்து தருவித்தால் வாரங்கள் கழியும். உற்பத்தி வரிசை நின்றுவிடும். ஆலைகளில் பணியாற்றிய மலேசியப் பொறியாளர்கள், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அருகிலிருந்த பட்டறைகளுக்குச் சென்றனர்.

இங்கே நாம் சற்று நின்று பார்த்தல் தகும். மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் பருமன் ஏறத்தாழ எழுபது மைக்ரோன். மில்லிமீட்டர் கணக்கில் பழகிய கைக்குச் சில மைக்ரோன் பிழையே பிழை எனக் கற்பித்தவை எவை? திருப்பி அனுப்பப்பட்ட பாகங்கள். எந்த முனையில் எவ்வளவு பிசகு என்று பொறியாளர் அளந்து காட்டினார், பட்டறை மீண்டும் கடைந்தது, மீண்டும் திரும்பிற்று. சில நிறுவனங்கள் பட்டறையாரை ஆலைக்குள் அழைத்து, அப்பாகம் எவ்விடத்தில் அமர்கிறது, ஏன் அவ்வளவு நுட்பம் வேண்டும் என்று நேரிற்காட்டின. சோதனைக்குச் சிறு கொள்முதல், தேறினால் பெரிய கொள்முதல் என்பது முறையாயிற்று. 1974இல் சிறு பட்டறையாகத் தொடங்கிய எங் நிறுவனம் இவ்வழியே வளர்ந்து, பிற்காலத்தில் கணினி வன்தட்டுகளுக்கான நுண்பாகங்களைச் செய்யும் பன்னாட்டு நிறுவனமாயிற்று. மலேசியப் பொருளியல் அறிஞர் ராஜா ராசையா இத்தொடர்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியுள்ளார். இத்துறையில் மேற்படிப்பை நாடும் மாணவர் அவர் ஆய்வுகளிலிருந்து தொடங்கலாம்.

இதனை அறச்செயல் என்று எவரும் மயங்க வேண்டா. அரைமணித் தொலைவிலுள்ள பட்டறை மாலைக்குள் பாகத்தைத் திருத்தித் தரும் என்பதே ஆலையின் கணக்கு. இருதரப்பும் ஆதாயம் கண்டன. அதனாலேயே அது நிலைத்தது என்பது எமது கருத்து.

ஆயின் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது; மொழியையே கருத்தாகக் கொண்ட இவ்வவையில் அதனைச் சொல்லாமல் விடலாகாது. வரைபடம் ஆங்கிலத்தில் இருந்தாலும், அதனை விளக்கிய பேச்சு பெரும்பாலும் ஹொக்கியன் மொழியில் நடந்தது. பொறியாளர்க்கும் பட்டறையார்க்கும் இடையே இருந்த பழக்கமும் நம்பிக்கையுமே முதற்கொள்முதலைப் பெற்றுத் தந்தன. அவ்வட்டத்திற்கு வெளியே இருந்தோர்க்கு, அவர் மலாய்க்காரராயினும் தமிழராயினும், அக்கதவு இருப்பதே தெரியாது. அறிமுகத்தின் வழியே செல்லும் உதவி விரைவாகச் செல்லும். ஆனால் அறிமுகமுள்ள இடத்திற்கே செல்லும்.

1989இல் நிறுவப்பெற்ற பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தின் சிறப்பு இவ்விடத்தில்தான் விளங்குகிறது. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்கள், பயிற்சிக் கருவிகளையும் பயிற்றுநரையும் பொதுவில் வைத்தன. மாநில அரசு துணைநின்றது. என்ன கற்பிப்பது என்பதைத் தொழிற்சாலைகளே வகுத்தன. தனிமனிதர் பழக்கத்தில் இருந்த கல்வி, பெயர் பதிந்து அமர்ந்து கற்கும் கல்வியாயிற்று. 1987இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 9000 தரநெறிகள் உலக வாணிபத்தின் நுழைவுச்சீட்டாக மாறிய காலம் அது. தரத்தைக் கையால் காட்டினால் போதாது. ஏட்டிலும் காட்ட வேண்டியிருந்தது. 1996இல் கூட்டரசு சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தது. பெருநிறுவனங்கள் சிறு உற்பத்தியாளரைத் தத்தெடுத்துப் பயிற்றும் உலக வழங்குநர் திட்டம், இம்மையத்தின் துணையுடன் பினாங்கில் நடந்தேறிற்று.

பெருமரத்தின் நிழலில் வளரும் செடிக்கு வேறோர் இடர் உண்டு. வன்தட்டுத் தொழில் கூலி குறைந்த நாடுகளை நாடிச் சென்றபோது, ஒரே வாங்குநரை நம்பியிருந்த வழங்குநர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க நேர்ந்தது: உடன் செல்வது, அல்லது வேறு தொழில் காண்பது. எங் நிறுவனம் தாய்லாந்திலும் பிலிப்பீன்சிலும் சீனாவிலும் ஆலை அமைத்தது. அவ்வாறு பின்தொடர முதலில்லாத பட்டறைகளின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்வதினின்று தாமே படம் வரைவதற்கு நகர்ந்தோர் வேறு வழி கண்டனர். 2000ஆம் ஆண்டில், அமெரிக்க நிறுவனமொன்றில் பணியாற்றித் தொழில் கற்ற பொறியாளர் சிலர் விட்ராக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சில்லுகளின் குறைகளைக் கேமராவால் கண்டறியும் இயந்திரங்களைத் தம் பெயரிலேயே செய்து, உலகெங்கும் விற்கின்றனர். அந்நிறுவனத்தின் வளாகம் இன்று பத்து கவானில் உள்ளது. செபராங் பிறையின் அப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர் ஆங்கிலேயர் தோட்டங்களில் கரும்பு வெட்டினர்.