நியமமும் கைந்நூலும்

பலர்க்கும் பொதுவான அளவுகோல் ஒன்று வகுக்கப்படுமாயின், அதனை வாசித்து வழங்கும் உரிமையும் பொதுவாதல் வேண்டுமன்றோ? கணினி உலகில் இவ்வினா எழுந்த வரலாறு அறியத்தக்கது.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களிடையே ஒருமை காணும் பொருட்டு, 1988ஆம் ஆண்டில் 'பொசிக்ஸ்' என்னும் நியமம் வெளியாயிற்று. 1991இல், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸை ஆக்கத் தொடங்கியபோது அந்நியமத்தை நாடினார். அது விலைக்கே கிடைப்பதாயிருந்தமையின், சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கைந்நூல்களைத் துணைக்கொண்டார்.

லினக்ஸுக்குக் கைந்நூற் பக்கங்கள் எழுதிய தொண்டர்க்கும் இடர் இருந்தது. நியமத்தின் சொற்களை எடுத்தாளப் பதிப்புரிமை தடை. தம் சொற்களிற் கூறினோ பொருள் பிறழக்கூடும். 2004இல் ஐ.இ.இ.இ. கழகமும் ஓப்பன் குரூப் அமைப்பும் நியமப் பகுதிகளை அக்கைந்நூலிற் சேர்க்க இசைந்தன. உரிமைக் குறிப்பு நீக்கப்படலாகாது, நியமத்தோடு முரணும் மாற்றம் தெளிவாகக் குறிக்கப்படல் வேண்டும் என்பன அவ்வுரிமத்தின் நிபந்தனைகளுட் சில.

எனினும், டெபியன் குழுவினர் இப்பக்கங்களைத் தம் கட்டற்ற மென்பொருட் பிரிவிற் சேர்க்காது, புறம்பான பிரிவில் வைத்தனர். நியமம் திரியாது நிற்றல் வேண்டும் என்பது ஒரு சாராரின் நோக்கு. தடையின்றித் திருத்தும் உரிமை வேண்டும் என்பது மற்றையோரின் நோக்கு. இரண்டும் நேர்மையானவையே. ஆயினும், விலைகொடுக்க இயலாத மாணவனும் இன்று அந்நியமத்தைக் கற்கலாம். இசைவின் பயன் அதுவே.